‘இன்றேல், ஏன்?’: கிழக்கு மாகாண சபையின் ஓர் அமர்வு நாள்

பொத்துவிலில் இருந்து ஒருவர் கிழக்கு மாகாண சபை அமர்வுக்குப் போவதென்றால் விடியுமுன் புறப்பட வேண்டும். திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு, வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் திருகோணமலை வரும். சபை கூடியது அங்கேதான். 2008இல் முதல் சபை தொடங்கியபோது கிண்ணியாப் பாலம்கூட இல்லை. அது 2009இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அந்த இடத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும்.

அப்படிப் போகிற உறுப்பினரின் பையில் என்ன இருக்கும்? பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒரு பாடசாலையில் மாதக்கணக்காகக் கணித ஆசிரியர் இல்லை. ஒரு பிரதேச வைத்தியசாலையில் வைத்தியர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. மழைக்கு உடைந்த மதகு அப்படியே கிடக்கிறது, உழவு மெஷின் வயலுக்குப் போக வழியில்லை. பத்திரிகையில் தலைப்பாக வராத சங்கதிகள். ஆனால் அமர்வு நாளில் தவிசாளர் அந்த வினாவை அழைத்ததும், மாகாண அமைச்சர் ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். சொன்னது அப்படியே பதிவேட்டில் ஏறும்.

மாகாண சபை என்றாலே நாங்கள் காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம், இணைப்பு, பிரிப்பு என்று பெரிய சொற்களைத்தான் பேசிப் பழகியிருக்கிறோம். அவை பெரிய விஷயங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சாதாரண சனங்கள் அன்றாடம் இழந்துகொண்டிருப்பது இந்தக் கேள்வி நேரத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன். அது எப்படி இயங்கியது, எங்கே முட்டி நின்றது, ஏன் இல்லாமல் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சபை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. 1988 நவம்பரில் இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்குத் தேர்தல் நடந்து, வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1990இல் அந்தச் சபை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் ஆளுநரின் நிர்வாகம்தான். 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது, 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணமானது, 2008 மே 10ஆம் திகதி அதற்கென்று முதல் தேர்தல் நடந்தது. சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். 2012 தேர்தலுக்குப் பிறகு நஜீப் ஏ. மஜீத்தும், 2015 பெப்ரவரியில் இருந்து நசீர் அஹமட்டும் அந்தப் பதவியில் இருந்தார்கள். ஆக, கிழக்குக்கென்று ஒரு சபை உயிரோடு இருந்தது ஒன்பதரை ஆண்டுகளுக்கும் குறைவு.

ஆசனங்கள் 37. அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10. கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு 2 போனஸ். இந்த எண்ணிக்கையை விட முக்கியமானது அதற்குள் இருந்தவர்களின் கலவை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தமிழர் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது, முஸ்லிம்கள் முப்பத்தேழு, சிங்களவர் இருபத்துமூன்று. யாருக்கும் பாதி இல்லை. 2012 தேர்தல் முடிவிலும் இதுவே தெரிந்தது: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிட்ட தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. அதாவது இன்னொருவரோடு பேசாமல் அந்தச் சபையில் எதையும் நிறைவேற்ற முடியாது. முதலில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2015இல் முஸ்லிம் காங்கிரஸ் முதலமைச்சரின் கீழ் அமைச்சுப் பொறுப்புகளை ஏற்றது இந்தக் கணக்கினால்தான். குறை சொல்பவர்கள் இதைப் பேரம் என்பார்கள். மூன்று சமூகங்கள் வாழும் ஒரு மாகாணத்தில் இப்படிப் பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு நல்ல கட்டாயம் என்றே எனக்குப் படுகிறது.

மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 20ஆவது உறுப்புரைப்படி மாகாண சபை உறுப்பினர் தமிழிலோ சிங்களத்திலோ தன் கடமையைச் செய்யலாம். கிழக்கில் மூன்று சமூகங்களில் இரண்டு தமிழ் பேசுபவை. ஆகவே, தமிழ் பெரும்பான்மையாகப் புழங்குகிற, சட்டம் இயற்றுகிற சபை என்று இந்த நாட்டில் இருந்தவை வடக்கிலும் கிழக்கிலும் மட்டுந்தான். கொழும்பில் தமிழில் கேட்ட கேள்விக்குப் பதில் சிங்களத்தில் வரும், மொழிபெயர்ப்பைக் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். திருகோணமலையில் ஓர் அம்மா தன் ஊர்ப் பாடசாலை பற்றிய பதிலை அமைச்சரின் வாயிலிருந்தே தமிழில் கேட்கலாம். இது சின்ன விஷயமில்லை.

சரி, ஓர் அமர்வு நாளுக்கு வருவோம்.

சபையைக் கூட்டுபவர் ஆளுநர். ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்த கூட்டத்தொடருக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. சபையை நடத்துபவர் உறுப்பினர்கள் தங்களுக்குள் தெரிவு செய்த தவிசாளர். செங்கோல் வரும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நடைமுறை பெரும்பாலும் பாராளுமன்றத்தை ஒட்டியதுதான். தவிசாளரின் அறிவிப்பு, அமைச்சர்கள் சமர்ப்பிக்கும் பத்திரங்கள், வாய்மூல விடைக்கான வினாக்கள், அப்புறம் நியதிச்சட்டங்கள், பிரேரணைகள், கடைசியில் ஒத்திவைப்பு வேளை. மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச்சட்டம் என்று பெயர். பாராளுமன்றம் இயற்றுவதில் இருந்து வேறுபடுத்தத்தான் இந்தச் சொல்.

வினாக்களுக்கென்று இலங்கைத் தமிழில் ஒரு தனி நடை உண்டு. பாராளுமன்ற அறிக்கைகளைப் புரட்டியவர்களுக்கு அது பழக்கம். முதலில் (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேட்பார்கள். இன்ன கல்வி வலயத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எத்தனை, இப்போது கடமையில் இருப்பவர் எத்தனை பேர், வெற்றிடம் எப்போது நிரப்பப்படும் என்பதை அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா? இதோடு முடியாது. கடைசியில் தனியாக இரண்டு சொல் நிற்கும்: ‘இன்றேல், ஏன்?’ அறிவிக்கவில்லையென்றால், அதற்கான காரணத்தையாவது சொல் என்று பொருள். சடங்குபோலத் தோன்றும் இந்த இரண்டு சொல்லில்தான் ஒரு சபையின் முழுப் பலமும் இருக்கிறது. பதில் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும் என்றாகிவிடுகிறது.

கேள்வியை நினைத்த நேரத்தில் எழுந்து கேட்க முடியாது. முன்கூட்டியே எழுத்தில் பேரவைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும், தவிசாளர் ஏற்க வேண்டும். ஏற்றபின் அது உரிய அமைச்சுக்குப் போகும். அமைச்சின் செயலாளர் மாகாணத் திணைக்களத்துக்கு அனுப்புவார், திணைக்களம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும், வலயம் கோட்டத்துக்கு, கோட்டம் அதிபருக்கு. பிறகு அந்த எண்கள் அதே படிகளில் மேலே ஏறும்.

எங்கள் மாமா ஒருவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வலய அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சபை வினா ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கு அலுவலகம் நேரத்துக்கு மூடாது என்று சொல்வார். “தம்பி, மற்றக் கடிதம் எல்லாம் மேசையில் கிடக்கும். சபைக் கேள்வி மட்டும் கிடக்காது. அமைச்சர் எழும்பி வாசிக்கப் போகிற கணக்கு, பிழைச்சால் எங்கட தலையில்தான் விடியும்.” அவர் சொன்னதில் எனக்கு ஒன்று தெளிவானது. கேள்வியின் பாதி வேலை அது சபையில் கேட்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் குறைவு என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியாக வேண்டியிருக்கிறது. சில வேளை, பதில் சபைக்குப் போகுமுன் வெற்றிடம் ஒன்று நிரப்பப்பட்டும்விடும், அமைச்சர் வெறுங்கையோடு எழுந்து நிற்கக் கூடாதே என்பதற்காக.

படுவான்கரையைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளங்கும். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், கடலோரமாக இருப்பது எழுவான்கரை. அந்தப் பக்கம், சூரியன் மறைகிற பக்கம், படுவான்கரை. பெரிய பாடசாலைகளும் பஸ் வசதியும் எழுவான்கரையில். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அந்த இடத்திலும் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பு மேற்கு வலயத்துக்கு நியமனம் பெறுகிற ஆசிரியர் சில காலத்தில் இடமாற்றம் கேட்பதும், அவர் போன இடம் வெறுமையாகக் கிடப்பதும் அங்கே பழகிப்போன கதை. அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் வலயத்தின் உட்புறக் கிராமங்களிலும் இதே கதைதான். இப்படியான இடங்களின் கணக்கு யாரும் கேட்காமல் தானாக வெளியே வராது.

ஆனால் இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கேள்வி கேட்டாயிற்று, அமைச்சரும் எழுந்து நின்றுவிட்டார். அவரிடம் உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

13ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரிக்கிறது. ஒன்று மாகாண சபைக்குரியது, இன்னொன்று மத்திய அரசாங்கத்திடம் ஒதுக்கி வைக்கப்பட்டது, மூன்றாவது இருவருக்கும் பொதுவானது. எழுத்தில் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். ஊருக்குள் வந்து பார்த்தால் அந்தக் கோடு ஒரே தெருவில், சில வேளை ஒரே மதிலின் இரண்டு பக்கத்திலும் ஓடும். மட்டக்களப்பு நகரில் புனித மிக்கேல் கல்லூரியும் வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையும் தேசிய பாடசாலைகள், கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் வருபவை. அவற்றுக்குப் பக்கத்திலுள்ள சாதாரணப் பாடசாலை மாகாணத்தின் கீழ். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திக்கு, கிராமத்துப் பிரதேச வைத்தியசாலை மாகாணத்துக்கு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, அதற்கும் கீழே உள்ளவை பிரதேச சபைக்கு. பெரியகல்லாற்றில் பிரதான வீதியில் குழி விழுந்தால் ஒரு பதில், அதில் இருந்து உள்ளே திரும்பும் வீதியில் விழுந்தால் வேறொரு பதில்.

மாகாணத்துக்கே உரிய பாடசாலையிலும் அமைச்சரின் கை முழுதாக நீளாது. மாகாண அரச சேவைக்கு ஆள் நியமிப்பது, இடமாற்றுவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது எல்லாம் சட்டப்படி ஆளுநரின் அதிகாரம், அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். அந்த ஆணைக்குழுவை நியமிப்பவரும் ஆளுநர்தான். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. மாகாண நிதியில் இருந்து செலவு வரக்கூடிய நியதிச்சட்டத்துக்கும் ஆளுநரின் சிபாரிசு வேண்டும். நியதிச்சட்டம் நிறைவேறினால் அவர் ஒப்பமிட வேண்டும். பணத்தின் பெரும்பகுதி நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் கொழும்பில் இருந்து வருவது, அதிலும் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடும்.

முதலமைச்சரும் மேலதிகமாக நான்கு அமைச்சர்களும்தான் முழு அமைச்சர் வாரியம். ஐந்து பேர். அவர்களுக்கு முன்னால் கல்வி, சுகாதாரம், விவசாயம், வீதி, கூட்டுறவு, உள்ளூராட்சி என்று எல்லாமே. இந்தக் குறுகிய இடத்தில் நின்றுகொண்டுதான் அவர்கள் பதில் சொன்னார்கள்.

இந்தக் கோடு எப்படி மனிதரை அறுக்கிறது என்பதற்கு மயிலத்தமடு, மாதவனையை விடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியாது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஏறாவூர்ப்பற்றுப் பக்கத்தில் இருக்கும் மேய்ச்சல் தரை அது. வயல் விதைப்புக் காலத்தில் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது, பட்டிக்காரர் அவற்றை அங்கே கொண்டு போவார்கள். கால்நடை வளர்ப்பு மாகாண நிரலில் இருக்கிறது. ஆகவே பால் உற்பத்தி, மாட்டுக்குத் தடுப்பூசி, மிருக வைத்தியர் என்று கேட்டால் மாகாண அமைச்சர் பதில் சொல்வார். ஆனால் அந்த மாடு நிற்கிற தரை மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ‘பி’ வலயத்துக்குள் வருகிறது. மகாவலி அதிகார சபை மத்தியினுடையது. அரச காணி பற்றிய அதிகாரம் மாகாண சபையிடம் இல்லை என்று 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்த்தும் வைத்தது. மாடு மாகாணத்துக்கு, புல் மத்திக்கு.

வெளியிடங்களில் இருந்து வந்தவர்கள் அந்தத் தரையில் சோளம் பயிரிட, மாடுகள் காயப்பட, கொல்லப்பட, பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வீதியோரத்தில் கொட்டில் போட்டு, நாளை எண்ணி எண்ணி இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த காலத்தில் மாகாண சபை இல்லாமல் ஆறு ஆண்டுகள் ஆகப்போயிருந்தன. சபை இருந்திருந்தால் காணியைப் பெற்றுக் கொடுத்திருக்குமா? அப்படிச் சொன்னால் நான் பொய் சொல்கிறேன். ஆனால் மேய்ச்சல் தரையின் எல்லை எது, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதா, கால்நடைத் திணைக்களத்தின் பதிவில் எத்தனை பட்டிகள், இழந்த மாடுகள் எத்தனை என்று அமர்வுக்கு அமர்வு கேட்டிருக்கலாம். ஒவ்வொரு பதிலும் பின்னால் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய ஒரு தாளாக இருந்திருக்கும்.

அம்பாறைப் பக்கத்தில் தண்ணீர்க் கதையும் இப்படித்தான். நீர்ப்பாசனம் மாகாண நிரலில் உண்டு, ஆனால் மாகாண எல்லையைக் கடந்து வரும் ஆறுகளின் திட்டங்கள் அதில் இல்லை. கல்லோயா ஊவா மலைகளில் பிறந்து வருகிறது. இங்கினியாகலையில் அதை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம்தான் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, உயிர். ஆகவே அந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது என்பது மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். போக ஆரம்பக் கூட்டத்தில் அரசாங்க அதிபர், பொறியியலாளர், வட்டை விதானைமார், விவசாய அமைப்புகள் எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். மாகாண சபைக்குச் சிறிய குளங்கள் மிஞ்சும். தண்ணீரை நம்பி வாழ்கிற ஒரு மாகாணத்தின் சபையில் விவசாய அமைச்சர் விதை பற்றியும் நாற்று பற்றியும் விரிவாகப் பேசலாம், பெரிய வாய்க்காலின் கதவு பற்றிப் பேசினால் ‘அது எமது விடயப்பரப்புக்குள் வராது’ என்றுதான் முடிக்க வேண்டும்.

‘எமது விடயப்பரப்புக்குள் வராது.’ இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பலர் மாகாண சபையே வீண் செலவு, வெள்ளை யானை என்று சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் ஊரிலும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சலிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பதிலுக்கும் ஒரு பயன் இருந்தது. எது எம்மிடம் இல்லை என்பதை ஓர் அரச சபையின் பதிவேட்டில் ஒரு அமைச்சர் ஒப்புக்கொள்வது அது. அதிகாரப் பகிர்வு போதாது என்று மேடையில் நூறு தடவை பேசலாம். இந்த மதகைத் திருத்தக்கூட எனக்கு அதிகாரமில்லை என்று அமைச்சரே சபையில் சொல்வது அதைவிடக் கனமான சாட்சி. அடுத்த பயன், உறுப்பினர் தன் கேள்வியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்வது.

கேள்வி நேரம் முடிந்து விவாதத்துக்கு வந்தால் சபையின் குரல் மாறும். கேள்வியில் எண்கள் வரும், விவாதத்தில் மனிதர்கள் வருவார்கள். ஆண்டுக்கொரு முறை வரவு செலவுத் திட்டம், அமைச்சு அமைச்சாகக் குழுநிலை விவாதம். எந்த ஊருக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகச் சண்டை பிடிக்கிற நாட்கள் அவை. தமிழ்க் கிராமத்துக்குக் குறைவு, முஸ்லிம் ஊருக்குக் கூட, சிங்கள எல்லைக் கிராமம் மறக்கப்பட்டது என்று மூன்று பக்கமிருந்தும் குற்றச்சாட்டு வரும். வெளியில் இருந்து பார்த்தால் இனவாதச் சத்தம்போல இருக்கும். ஆனால் தேநீர்க் கடையில் ஆதாரமில்லாமல் உலாவுகிற அதே குற்றச்சாட்டு சபைக்குள் வந்தால், எதிரே இருப்பவர் பட்டியலை எடுத்துக் காட்டி மறுக்கலாம். கிழக்கில் இது பெரிய மருந்து.

நியதிச்சட்டங்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம், வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, சுற்றுலாப் பணியகம் போன்ற மாகாண அமைப்புகள் அப்படிப்பட்ட சட்டங்களின் மேல் நிற்பவை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிற ரீச்சரின் பயிற்சியும் அவருடைய சிறு கொடுப்பனவும் அந்தப் பணியகத்தைச் சுற்றியே பேசப்படுகின்றன. அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் இன்றைக்குத் திருத்த மாகாணத்தில் சபை இல்லை.

இன்னொரு வகை விவாதமும் உண்டு, அதை மறந்துவிடுகிறோம். மாகாண நிரலில் உள்ள ஒரு விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தால், அரசியலமைப்பின் 154 ஜி உறுப்புரைப்படி அதை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். 2012இல் சமுர்த்தி போன்ற அமைப்புகளை மத்தியில் ஒரே திணைக்களமாக்கும் திவிநெகும சட்டமூலம் அப்படித்தான் வந்தது. செப்டம்பர் 8இல் தெரிவான கிழக்குச் சபைக்கு அடுத்த மாதமே முன்னால் வந்த பெரிய சோதனை அது. தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைக் கொழும்புக்குத் திருப்பிக் கொடுக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. சபை சம்மதித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களின் பேச்சு பதிவில் இருக்கிறது. நான் அந்த முடிவை ஏற்கவில்லை, அன்றும் ஏற்கவில்லை. ஆனாலும் யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அப்போது வடக்கில் சபையே இல்லை. அங்கே ஆளுநர் கொடுத்த சம்மதம் சபையின் கருத்தாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு ஒன்பது மாகாணங்களிலும் ஆளுநர்கள் மட்டும் இருக்கும்போது இந்த வரி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

சபை முடிந்த கதையும் ஒரு விவாத நாளில்தான் எழுதப்பட்டது, ஆனால் திருகோணமலையில் அல்ல. 2017இல் அரசாங்கம் எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதற்காக அரசியலமைப்பின் 20ஆவது திருத்தச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டு வந்தது. கிழக்குச் சபை அதற்கும் சம்மதித்தது. அதை நிறைவேற்றச் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் அரசாங்கம் வேறு வழியைப் பிடித்தது. செப்டம்பர் 20ஆம் திகதி பாராளுமன்றத்துக்கு மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கான ஒரு திருத்தம் வந்தது. பெண் வேட்பாளர்களுக்கு நூற்றுக்கு முப்பது இடம் கொடுப்பதுதான் அதன் முதல் நோக்கம். குழுநிலையில் அதற்குள் புதிய பிரிவுகள் நுழைக்கப்பட்டு, தேர்தல் முறையே பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று மாற்றப்பட்டது. அன்றே நிறைவேறியது. அதுதான் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். பத்து நாளில் கிழக்குச் சபையின் ஐந்தாண்டு முடிந்தது.

புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24இல் அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை, எதிராக 139. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு மீளாய்வுக்கென்று பிரதமர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது, அது முடிவு எதையும் தரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2017 செப்டம்பரில் சப்ரகமுவ, கிழக்கு என்று தொடங்கி, 2019 அக்டோபரில் ஊவாவோடு ஒன்பது சபைகளும் ஒவ்வொன்றாக முடிந்து போயின. அதன் பிறகு சனாதிபதித் தேர்தல்கள் நடந்தன, பாராளுமன்றத் தேர்தல்கள் நடந்தன, 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாணத்துக்கு மட்டும் இல்லை.

இன்றைக்கு நிர்வாகம் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், அமைச்சுச் செயலாளர்கள் இருக்கிறார்கள். சம்பளம் போகிறது, பாடசாலை திறக்கிறது. நல்ல மனத்தோடு வேலை செய்கிற அதிகாரிகளை எனக்கே தெரியும். ஆனால் அவர்களில் யாரையும் எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க மாகாணத்துக்குள் யாரும் இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாவட்டச் செயலகங்களில் அது நடக்கிறது, பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் வருகிறார்கள், சூடான வாக்குவாதம் நடக்கிறது, அது முகநூலில் ஓடுகிறது. நானும் பார்க்கிறேன். அங்கே முன்கூட்டி எழுதிக் கொடுத்த வினாவுக்கு எண்களோடு விடை வாசிக்கிற கட்டாயம் இல்லை. பேசியதை அப்படியே பதிகிற, சபைக்குரிய ஹன்சாட் அறிக்கையும் இல்லை. சத்தமாகப் பேசியவரின் விஷயம் முன்னுக்கு வரும், படுவான்கரைப் பாடசாலையின் கணித ஆசிரியர் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படுவார்.

இன்னொரு வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016இல் நிறைவேறி 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. யாரும் எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து இளைஞர்கள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள், எல்லோரும் பழக வேண்டிய கருவி அது. வலயத்தில் எத்தனை வெற்றிடம் என்று கேட்டால் எண் கிடைக்கும். ஆனால் அந்தச் சட்டம் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவைத்தான். ஏன் நிரப்பவில்லை, எப்போது நிரப்பப் போகிறீர்கள் என்று ஒருவரை நிறுத்திக் கேட்கிற வேலையை அதால் செய்ய முடியாது. சபை வினாவில் (அ)வும் (ஆ)வும் இன்று குடிமகனிடம் இருக்கின்றன. கடைசி இரண்டு சொல்தான் இல்லை.

மாமாவிடம் போன மாதம் இதைப் பற்றிப் பேசினேன். இப்போதும் அவர் வேலை செய்த அலுவலகத்துக்கு ஏதாவது அலுவலாகப் போய் வருவார். கணக்கெடுப்பு எல்லாம் கணினியில் இருக்கிறது, முன்னையைவிட வசதி என்றார். “ஆனா ஒருத்தரும் கேக்கிறாங்களில்ல மகன். கேட்டால்தானே அச்செடுக்கிறது.”

முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியும். பழைய விகிதாசார முறைக்குத் திரும்புவதாக ஒரு திருத்தம், இல்லையென்றால் எல்லை நிர்ணயத்தை முடித்து வைப்பது. இரண்டையும் செய்ய வேண்டியது பாராளுமன்றம். மட்டக்களப்பு மாவட்டம் அங்கே ஐந்து பேரைத் தெரிவு செய்து அனுப்புகிறது, அம்பாறையைக் கொண்ட திகாமடுல்ல தேர்தல் மாவட்டம் ஏழு பேரை, திருகோணமலை நால்வரை. கொழும்பில் கேள்வி நேரம் நிற்கவில்லை. கிழக்கு மாகாண சபைத் தேர்தல் எந்தத் திகதியில் நடத்தப்படும் என்பதை விடயப் பொறுப்பு அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா, இன்றேல், ஏன் என்று அந்தப் பதினாறு பேரும் ஒவ்வொரு அமர்வு வாரத்திலும் எழுதிக் கொடுக்கலாம். வாக்குக் கேட்டு வந்த வீடுகளுக்கு அவர்கள் திரும்பி வரும்போது, கொடுத்தீர்களா என்று நாங்கள் கேட்கலாம்.